வந்தவரா? வாழ வைத்தவரா?

மைசூர் நகரில் சேஷாத்ரி ஐயர் பெயரால் ஒரு சாலை உண்டு. நம் சங்க உறுப்பினரில் பாதிப் பேர் வாரத்திற்கு நான்கு முறையேனும் அதைக் கடந்து செல்கிறோம். பெங்களூரிலோ அவர் பெயரால் ஒரு பேட்டையே இருக்கிறது. சேஷாத்ரிபுரம் என்றால் எந்த ஆட்டோ ஓட்டுநரும் வழி கேட்க மாட்டார். ஆயினும் அந்தச் சேஷாத்ரி யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கக் காண்கிறேன். திவான் என்று அறிந்தவர் சிலர். தமிழர் என்று அறிந்தவர் அவரினும் சிலர். திவானாவதற்கு முன் நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குக் கேட்டவர் என்று அறிந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பௌதிகம் பயிலும் எனக்கு வரலாறு சொந்தத் துறையன்று. சிவசமுத்திர மின்சாரத்தைப் பற்றித் தேடிப் போன இடத்தில் இம்மனிதரைக் கண்டேன். கண்டபின் விட மனமில்லை.

அவர் வந்த காலத்து மைசூர் எந்நிலையில் இருந்தது? அதை அறியாமல் அவர் பணியை அளக்க இயலாது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஐந்து வயதுச் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரைக் கும்பினியார் அரியணையில் அமர்த்தினர். 1831-இல் நகரச் சீமையில் எழுந்த கிளர்ச்சியைக் காரணம் காட்டி ஆட்சியைத் தாமே வாங்கிக்கொண்டனர். அன்று முதல் ஐம்பது ஆண்டுகள் மைசூரை ஆண்டவர்கள் வெள்ளைக் கமிஷனர்கள். மன்னர் மைசூர் அரண்மனையில் இருந்தார். ஆட்சி பெங்களூரில் இருந்தது! நாட்டைத் திருப்பித் தரும்படி அவர் விடுத்த விண்ணப்பங்கள் ஒன்றா, இரண்டா? 1867-இல்தான் அவருடைய சுவீகார புத்திரர் சாமராஜேந்திரருக்கு வயது வந்ததும் நாட்டை ஒப்படைப்பதென லண்டனில் முடிவாயிற்று. மறு ஆண்டே முதிய மன்னர் கண் மூடினார்.

ஒப்படைக்கும் நாள் நெருங்கும் வேளையில் வந்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அந்தப் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் தலைமுறை சொல்லிக்கொண்டிருந்தது. 1871-இல் மைசூர்ச் சீமையின் மக்கள் தொகை ஐம்பது லட்சத்திற்குச் சற்று மேல். 1881-இல் எண்ணிப் பார்த்தபொழுது நாற்பத்திரண்டு லட்சத்திற்கும் குறைவு. ஆறு பேர் இருந்த வீட்டில் ஐவரே எஞ்சினர் என்று கொள்ளுங்கள். கருவூலத்தில் சேர்த்து வைத்திருந்த பணம் கரைந்து, அதன்மேல் 80 லட்ச ரூபாய்க் கடன். இந்த நிலையில்தான் 1881 மார்ச்சு 25-ஆம் நாள் சாமராஜேந்திர உடையாரிடம் நாடு ஒப்படைக்கப்பட்டது. அதுவும் சும்மா வரவில்லை. வெள்ளையர்க்கு ஆண்டுதோறும் செலுத்தும் கப்பம் 24½ லட்சமாக இருந்தது; அதை 35 லட்சமாக உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. பஞ்சத்தைக் கருதி அவ்வுயர்வைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்தனர். பின்னர் 1896 வரை நீட்டித்தனர். வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாடகையைக் கூட்டிக் கேட்பது போன்றது இது!

பிறந்த மண் இவர்க்கு மைசூர் அன்று. 1845 ஜூன் முதல் நாள் பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் பிறந்தார். முன்னோர் ஊர் தஞ்சை மாவட்டத்துக் கணபதி அக்கிரகாரம். காவிரிக் கரையிலிருந்து கணவாய் வழியே மேற்கே போய்க் குடியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுள் ஒன்று. தந்தை அனந்தநாராயண ஐயர் கோழிக்கோட்டில் வக்கீல். மகனும் கோழிக்கோட்டில் படித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். கோழிக்கோட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. அங்கேயே இருந்திருந்தால் டிப்டி கலெக்டராக ஓய்வு பெற்று, நல்ல பென்ஷனோடு பாலக்காட்டில் திண்ணையில் அமர்ந்திருப்பார். நமக்கு எழுத ஒன்றும் இருந்திராது.

திசையை மாற்றியவர் செங்கற்பட்டுச் சீமைத் தமிழரான ரங்காசார்லு. அவர் அப்போது கோழிக்கோட்டில் கருவூல டிப்டி கலெக்டர். 1868-இல் பழைய மன்னர் இறந்ததும், குழம்பிக் கிடந்த அரண்மனைக் கணக்குகளைச் சீர்ப்படுத்த அவரைக் கமிஷனர் பௌரிங் மைசூருக்கு அழைத்தார். வந்தவர் தமக்குத் தெரிந்த திறமைசாலி இளைஞரையும் அழைத்துக்கொண்டார். இருபத்து மூன்று வயதில் சேஷாத்ரி ஐயர் அஷ்டகிராமப் பிரிவின் நீதித்துறை சிரஸ்தாராக வேலை ஏற்றார். அவ்வயதில் இருக்கும் எனக்கு இந்த எண்ணைப் படிக்கும்போது கொஞ்சம் சுருக்கென்கிறது. நான் இன்னும் பரிசோதனைக் குறிப்பேட்டில் கையொப்பம் வாங்க வரிசையில் நிற்கிறேன்!

சிரஸ்தார் என்றால் வெறும் குமாஸ்தா அல்லர். ஊர்க் கச்சேரிகளிலிருந்து வரும் வழக்குக் கட்டுகளைப் படித்து, சாரத்தைப் பிழிந்து, மேலதிகாரியின் முன் வைப்பவர். கட்டுகளெல்லாம் கன்னடத்தில். கன்னடம் பழகாமல் அந்த நாற்காலியில் ஒரு நாள் ஓடாது. வேலை பார்த்துக்கொண்டே 1874-இல் சட்டப் பட்டமும் பெற்றார். பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து தும்கூரில் டிப்டி கமிஷனராகவும் மாவட்ட மாஜிஸ்டிரேட்டாகவும், அதன்பின் அஷ்டகிராமத்தின் மாவட்ட செஷன்ஸ் நீதிபதியாகவும் இருந்தார். வரி வசூலிப்பவரின் மேசையையும் தண்டனை விதிப்பவரின் மேசையையும் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவர் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலவரி கட்டாத குடியானவன் முதல் மேசைக்கு ஓர் எண். இரண்டாம் மேசைக்கு ஓர் ஆள். அவனை இரண்டு விதமாகவும் பார்க்க வாய்த்த அதிகாரிகள் எக்காலத்திலும் குறைவு.

நாடு திரும்பியதும் ரங்காசார்லு முதல் திவானானார். 1881 அக்டோபரில், தசரா விழாவையொட்டி, 144 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையை மைசூரில் கூட்டினார். இந்தியச் சமஸ்தானங்களில் அதற்கு முன் இல்லாத புதுமை அது. புதிய ஆட்சிக்குச் சட்டங்களை வரையும் பணியில் அவருக்குத் துணை நின்றவர் நம் நீதிபதியே. 1883 ஜனவரியில் ரங்காசார்லு காலமானார். இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. கடனும் நிபந்தனையும் அப்படியே இருக்க, 1883 பிப்ரவரியில், முப்பத்தெட்டாம் வயது நடந்துகொண்டிருக்கையில், சேஷாத்ரி ஐயர் திவானானார். மைசூரில் அவரைப்போல் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து அப்பதவியில் இருந்த வேறொருவரை அந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் காண இயலாது.

சட்டம் படித்த கை உடனே தெரிந்தது. அதுவரை மேல்முறையீடுகள் அனைத்திற்கும் ஒரே ஜுடீஷியல் கமிஷனர்தான் இறுதி வாக்கு. ஒரு மனிதரின் அன்றைய மனநிலையே நாட்டின் நீதி! 1884-இல் அவ்வேற்பாடு மாறி, மூன்று நீதிபதிகள் கூடி அமரும் சீஃப் கோர்ட்டு பிறந்தது. அதன் தலைமை நீதிபதியாகப் பின்னாளில் அமர்ந்த முதல் இந்தியர் தம்பு செட்டி. அவரும் திருச்சிராப்பள்ளியில் பிறந்து இங்கே வந்தவரே. அவர் கதையை யாராவது அடுத்த இதழில் எழுதினால் மகிழ்வேன்.

பணத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஞ்ச காலத்தில் சென்னையிலிருந்து ரயிலில் வந்த தானியம் பெங்களூரில் குவிந்து கிடக்க, உள்ளூர்களில் மக்கள் மாண்டனர். கொண்டு செல்ல வழியில்லை. மைசூர்–பெங்களூர் இருப்புப் பாதை பஞ்ச நிவாரண வேலையாகவே பெரிதும் வளர்ந்து 1882-இல் முடிந்தது. சேஷாத்ரி ஐயர் இதைத் தும்கூருக்கு நீட்டி, 1889-இல் ஹரிஹரம் வரை கொண்டு சேர்த்தார். அதற்குப் பணம் திரட்ட, இருக்கும் பாதைகளையே சதர்ன் மராட்டா ரயில்வே கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சொந்தச் சொத்தை அடகு வைத்தார் என்று அன்றே குறை கூறினர். குறை முற்றும் பொய்யன்று. ஏரிகளையும் கால்வாய்களையும் புதுப்பிக்க ஏறத்தாழ 100 லட்சம் செலவிட்டார். 1881-இல் 103 லட்சமாக இருந்த ஆண்டு வருவாய் 1895 அளவில் 180 லட்சமாயிற்று. கடனில் தொடங்கிய கணக்கு 127 லட்சம் மிச்சத்தில் நின்றது. வரியை ஏற்றாமலே இவ்வளவும் வந்துவிடவில்லை. ஆனால் மழை பெய்தது, நிலம் விளைந்தது, கோலாரில் தங்கமும் கிடைத்தது. அதிர்ஷ்டம் திறமையுள்ளவனிடம் தங்கியது என்று சொல்லலாம்.

1894-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. எட்டு வயது நிரம்பாத பெண் குழந்தைக்கு மணம் முடித்தல் குற்றம். ஐம்பது வயது கடந்த ஆண் பதினான்கு வயது நிரம்பாத பெண்ணை மணத்தலும் குற்றம். எட்டு வயதா என்று இன்று படிக்கும் சகோதரிகளுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவில் சாரதா சட்டம் வந்தது 1929-இல். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வைதிகர் நிறைந்த ஒரு சபையின் எதிர்ப்பைத் தாண்டி, வைதிகக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் திவானாக இருக்கையில் இச்சட்டம் நிறைவேறிற்று. அளவு சிறிது, திசை சரி.

அவ்வாண்டு டிசம்பரில் இளம் மகாராஜா சாமராஜேந்திரர் கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் நோயால் திடீரென்று இறந்தார். பட்டத்துக்குரிய மைந்தருக்குப் பத்து வயது. மகாராணி வாணி விலாச சந்நிதானம் ரீஜெண்டாக ஆட்சி ஏற்க, மூவர் கொண்ட ஆலோசனைக் குழுவின் துணையோடு திவான் தொடர்ந்தார். 1897-இல் அரண்மனை தீயில் வெந்தது. 1898-இல் பெங்களூரில் பிளேக் புகுந்தது. நெருக்கமான பேட்டைகளை விட்டு மக்கள் காற்றோட்டமான இடத்தில் குடியேறப் பசவனகுடியும் மல்லேசுவரமும் வளர்ந்தன. அரண்மனைக்கு மட்டுமே ஒரு தனிக் கட்டுரை வேண்டும்; இங்கு இடமில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்விக்கு வருகிறேன்.

மைசூர் மைசூரியர்க்கே என்னும் குரல் சேஷாத்ரி ஐயரின் காலத்தில்தான் ஓங்கி எழுந்தது. உயர்ந்த பதவிகளில் எல்லாம் மதராஸ்காரர். நாங்கள் எங்கள் வீட்டிலேயே விருந்தாளிகளா என்று இந்நாட்டு இளைஞர் கேட்டனர். பத்திரிகைகள் எழுதின, பிரதிநிதிகள் சபையிலும் பேசினர். கடலுக்கு அப்பால் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மாநிலங்களிலும் அதற்குச் சற்று முன் இதே போன்றதொரு காட்சி. உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே புனரமைப்பு நடந்தது. வடக்கிலிருந்து வந்து அரசியல்வாதிகளாகவும் நீதிபதிகளாகவும் அமர்ந்தவர்களை, கம்பளத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் என்று தெற்கத்தி வெள்ளையர் இழித்துரைத்தனர். வெறும் பையோடு வந்தவன் அதை நிரப்பிக்கொண்டு போவான் என்பது உட்கருத்து. இரண்டையும் ஒன்றாக்குவது தவறு. அங்கே அந்த இழிசொல்லுக்குள் ஒளிந்திருந்தது, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை தரலாகாது என்னும் வன்மம். இங்கே இளைஞர் கேட்டது, படித்த எங்களுக்கு எங்கள் மண்ணில் வேலை வேண்டும் என்பது. அது வன்மமன்று, நியாயம். மைசூரைப் பொறுத்தவரை நான் கேட்ட இளைஞரின் பக்கமே சாய்கிறேன், தமிழனாக இருந்தும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 1868-இல் சட்டமும் ஆங்கிலமும் கணக்கும் ஒருசேரக் கற்ற பட்டதாரிகளை உள்நாட்டில் விரல் விட்டு எண்ணலாம். பல்கலைக் கழகம் சென்னையில் இருந்தது. திவான் தம் ஆட்சியில் பள்ளிகளைப் பெருக்கினார். 1891-இல் மைசூர் சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தார். சிபாரிசில் வந்தவர் என்றே பெயர் பெற்ற ஒருவர், சிபாரிசு இல்லாமல் வருவதற்கு வழி திறந்து வைத்தார்! அதே ஆண்டில் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தல் முறையும் வந்தது. இருந்தும் அவரை ஜனநாயகவாதி என்று நான் சொல்ல மாட்டேன். சபை பேசலாம், கேட்கலாம், முறையிடலாம்; சட்டமியற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆண்டுதோறும் தசராவில் அவர் வாசித்தளித்த நீண்ட அறிக்கைகளில் கணக்கு இருக்கும், ஏரி இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும். அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் பேச்சு அரிது. செஷன்ஸ் நீதிபதியின் பழக்கம் அது: இரு தரப்பையும் கேட்பார், தீர்ப்பைத் தாம் எழுதுவார்.

காவிரி விஷயத்தில் அவர் எந்தத் தரப்பு? நண்பர்களே, இதை நான் காவிரியின் கடைமடையில் பிறந்தவனாகக் கேட்கிறேன். மேட்டூரில் எப்போது திறப்பார்கள் என்பதைக் கொண்டே எங்கள் வீட்டில் நாற்று விடும் நாள் குறிப்பார்கள். மைசூரில் பழைய ஏரிகளைப் பெரிதாக்கவும் புதியன கட்டவும் திவான் முனைந்தபோது, கீழே இருக்கும் சென்னை அரசு அஞ்சியது. பேச்சு வார்த்தை நடந்து 1892 பிப்ரவரியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. குறிப்பிட்ட ஆறுகளின் குறுக்கே புதிய நீர்த்தேக்கம் கட்டச் சென்னையின் முன் இசைவை மைசூர் பெற வேண்டும். ஏற்கெனவே ஏற்பட்ட பாத்தியதையைக் காக்கும் பொருட்டன்றிச் சென்னையும் இசைவை மறுக்கலாகாது. தஞ்சாவூரைப் பூர்விகமாகக் கொண்ட தமிழர் ஒருவர், மைசூரின் திவானாக இருந்து, தஞ்சாவூரின் தண்ணீருக்காகப் பேசிய சென்னைக்கு எதிரே அமர்ந்தார்! தமிழர் என்பதால் விட்டுக் கொடுத்தார் என்று இங்கே சிலர் சொல்வர். மைசூர் மண்ணின் சோற்றைத் தின்று நம் தண்ணீரைத் தடுக்கப் பார்த்தார் என்று அங்கே சிலர் சொல்வர். ஆவணத்தைப் படித்துப் பார்த்தால் இரண்டும் நிற்பதாகத் தோன்றவில்லை. சென்னைக்குப் பின்னால் வெள்ளை அரசு இருந்தது. சமஸ்தானத்துக்குப் பின்னால் எவரும் இல்லை. அந்தத் தராசில் கிடைத்ததை அவர் வாங்கினார். பின் 1924-இல் இன்னோர் உடன்படிக்கை, 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று வழக்கு நீண்டது. ஒவ்வொரு படியிலும் அந்த 1892-ஆம் ஆண்டுத் தாள் புரட்டப்பட்டது.

அதே காவிரியை வைத்து அவர் செய்த இன்னொரு காரியத்தில்தான் என் உள்ளம் தோய்கிறது. கோலார் தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் ஆழத்தில் வளமான தங்க ரேகையைக் கண்டனர். ஆழம் போகப் போக, தண்ணீர் இறைக்கவும் பாறை அரைக்கவும் இயந்திர வலு வேண்டும். நீராவிக்கு விறகும் நிலக்கரியும் எவ்வளவு தூரம் சுமந்து வருவது? மைசூருக்குக் கிழக்கே சிவசமுத்திரத்திலோ, காவிரி ஏறத்தாழ 400 அடி வீழ்ந்து கொண்டிருந்தது, எவருக்கும் பயனின்றி. அருவி இங்கே, தங்கம் அங்கே; இடையே 92 மைல்.

இந்த 92 மைல் எத்தகைய துணிச்சல் என்பதை விஞ்ஞானம் படிக்காத நண்பர்களுக்கு விளக்குகிறேன். கம்பியில் மின்னோட்டம் செல்லும்போது ஒரு பகுதி வெறும் வெப்பமாக வீணாகிறது. ஓட்டம் இரு மடங்கானால் வீண் நான்கு மடங்கு. ஆகவே தூரம் செல்ல வேண்டுமானால் ஓட்டத்தைக் குறைத்து அழுத்தத்தை, அதாவது வோல்ட்டை, உயர்த்த வேண்டும். அழுத்தம் பத்து மடங்கானால் அதே வலுவை அனுப்ப ஓட்டம் பத்தில் ஒன்று போதும். வீணாவது நூற்றில் ஒன்று. இன்று பள்ளிப் பிள்ளையும் போடும் கணக்கு. 1899-இல் அதை நம்பிப் பணம் போடுவது வேறு. அமெரிக்காவின் நயாகரா அருவியிலிருந்து பஃபலோ நகருக்கு மின்சாரம் போனது 1896-இல்; தூரம் 26 மைல்தான். இந்தியாவிலும் டார்ஜிலிங்கில் 1897-இலேயே ஒரு சிறு நீர்மின் நிலையம் ஏற்பட்டுவிட்டது; ஆசியாவிலேயே முதலாவது சிவசமுத்திரம் என்று சிலர் எழுதுவது சரியன்று. பெருமை முதலாவது என்பதில் இல்லை, தூரத்திலும் அளவிலும் இருக்கிறது. முப்பதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் அழுத்தத்தில் தொண்ணூற்றிரண்டு மைல் என்பது அன்று உலகிலேயே மிக நீண்ட மின் தொடர்களுள் ஒன்று.

திட்டத்தை வகுத்தவர் சமஸ்தானத்தின் துணைத் தலைமை எஞ்சினியரான ஜோலி டி லோட்பினியேர் என்னும் கனடாக்காரர். அவரை ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் அனுப்பி நேரில் பார்த்து வரச் செய்தது திவானின் ஆட்சி. நீர்ச் சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் கம்பெனியிலிருந்து; மின் இயந்திரங்கள் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்து. தலா 720 கிலோவாட் தரும் ஆறு இயந்திரங்கள். பொருள்கள் ரயிலில் மத்தூர் வரை வந்து, அங்கிருந்து காட்டு வழியே இழுத்துச் செல்லப்பட்டன. நான் மெச்சுவது இயந்திரத்தை அன்று, ஒப்பந்தத்தை. மின்சாரத்தை உற்பத்தி செய்துவிட்டு வாங்குவார் உண்டா என்று தேடவில்லை. 4000 குதிரைத்திறனை வாங்கிக்கொள்வதாகத் தங்கக் கம்பெனிகளிடம் முதலிலேயே உறுதி பெற்றுக்கொண்டு, அதன்பின் அரசாங்கப் பணத்தை இறக்கினர். அங்கே பேசியது விஞ்ஞானியின் மூளை அன்று. சட்டம் படித்தவரின் மூளை. அன்றியும், சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் சொட்டுக் குறையாமல் ஆற்றிலேயே மீண்டும் விழுகிறது. அக்கரை 1956 வரை சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் மாவட்டம். 1892-இல் அணைக்காக அவ்வளவு மல்லுக்கு நின்றவருக்கு, யாருடைய பங்கையும் குறைக்காமல் காவிரியிலிருந்து செல்வம் எடுக்கும் வழி ஒன்று தெரிந்துவிட்டது.

செல்வம் யாருக்கு என்ற கேள்வியையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? சமஸ்தானத்துக்கு ஐந்து சதவீத ராயல்டியும் மின் கட்டணமும். லண்டனில் பங்கு வைத்திருந்தோர்க்கு லாபம். ஆழத்தில் பாறை பிளந்தவர்களோ பெரும்பாலும் தமிழர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த ஏழை உழைப்பாளிகள். அவர்களுள் பெரும் பகுதியினர் தாழ்த்தப்பட்ட குலத்தார். மைசூருக்கு வந்த தமிழர் என்றால் நாம் திவான்களையே எண்ணுகிறோம். மூட்டையோடு வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களும் வந்த தமிழரே. எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. அவர்கள் பெயரில் சாலையுமில்லை, பேட்டையுமில்லை. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் அவர்களுடைய பேரப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றனர். சேஷாத்ரி ஐயரின் ஆட்சியில் அத்தொழிலாளருக்காகச் செய்யப்பட்டது இன்னது என்று எடுத்துக் காட்டத்தக்க பெரிய காரியம் எதையும் நான் காணவில்லை. அவரைப் போற்றும் கட்டுரையிலும் இது இடம்பெற வேண்டும் என்று எண்ணி எழுதுகிறேன்.

வேலை, வேலை என்றே உடம்பைத் தேய்த்துக்கொண்டவர். 1893-இல் சர் பட்டம் வந்தது. முந்திய ஆண்டு விவேகானந்தர் தென்னாட்டில் சுற்றி வந்தபோது அவரைத் தம் இல்லத்தில் தங்கவைத்து மகாராஜாவுக்கு அறிமுகம் செய்தவரும் இவரே. 1898-இல் ஹிரியூருக்கு அருகே வேதவதி ஆற்றின் குறுக்கே மாரிகணவேயில் பேரணை ஒன்றைத் தொடங்கினார். அது முடிந்தது 1907-இல். 1901 மார்ச்சில் உடல்நிலை கெட்டு ஓய்வு பெற்றார். செப்டம்பர் 13-ஆம் நாள் காலமானார். வயது ஐம்பத்தாறு.

சிவசமுத்திரத்திலிருந்து கோலாருக்கு மின்சாரம் பாய்ந்தது 1902 ஜூன் 30-இல். ஒன்பது மாதம் பிந்திற்று. பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்தது 1905-இல். நம் மைசூரில் 1908-இல். பெங்களூர்க் கப்பன் பூங்காவில் 1913-இல் வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு அவர் சிலையைத் திறந்து வைத்தார். அதன் அருகே சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் என்ற சிவப்புக் கட்டடத்தில் நூலகம் ஏற்பட்டது. தேர்வுக்காகப் பெங்களூர் செல்வோர் உள்ளே நுழைந்து பாருங்கள். நிழலும் அமைதியும் நன்றாயிருக்கும்.

சங்கச் செயலாளர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுச் சுற்றுலா என்றால் ஊட்டி, ஊட்டி என்று ஒவ்வோர் ஆண்டும் தீர்மானம் நிறைவேறுகிறது. இம்முறை ஆடி மாதம், காவிரி பெருகி வரும் சமயம், சிவசமுத்திரம் போகலாமே! ககனசுக்கியின் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், மின் நிலையத்தைப் பார்க்க முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். விண்ணப்பத்தைக் கன்னடத்தில் எழுதித் தர நான் தயார்.